முக்கோணத் தோள்காரியும் ஜேர்மன் பொலிசும்

புதிதாக மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நான் நிறுத்தப் போவதில்லை. உழைத்த காலம் முழுவதும் மற்றவர்கள் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாயில் என் சொந்தச் சொல் வந்தது வீட்டில் சோறு கேட்டபோது மட்டும்தான். ஆகவே இன்றைக்குக் கொஞ்சம் நீட்டுவேன்.

உங்களுக்கு வகுப்பில் எல்லாம் சொல்லித் தந்திருப்பார்கள். ஆள் 'நான்' என்று சொன்னால் நீங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று. எங்களுக்கு வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை. எண்பதுகளில் மொன்றியலில் ஒருவனுக்குத் தமிழும் பிரெஞ்சும் தெரியும் என்று கேள்விப்பட்டால் போதும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ சட்டத்தரணியின் மேசை முன்னாலோ நிற்பாட்டிவிடுவார்கள். சொல்லு என்பார்கள். சொல்ல வேண்டியதுதான்.

என்னுடைய பிரெஞ்சு பாரிசில் கோப்பை கழுவிப் படித்த பிரெஞ்சு. சட்டி, அகப்பை, கெட்ட வார்த்தை இந்த மூன்றும் சரளமாக வரும். மொன்றியலுக்கு வந்து இறங்கியபோது அந்தக் கெட்ட வார்த்தைகளும் பயன்படவில்லை. இங்கே கோபம் வந்தால் தேவாலயத்துச் சாமான்களின் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். பூசைப் பாத்திரத்தின் பெயரை இவ்வளவு ஆத்திரத்தோடு சொல்லலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

செயின்ட்-மிஷேலில் இருந்த ஒரு சமூக நிலையம் அப்போது என்னை அடிக்கடி கூப்பிடும். அதை நடத்தியவர் ஒரு கன்னியாஸ்திரி. எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான மனுசி. தங்கமான மனிதர்களால் வருகிற தொல்லைக்கு மருந்தே இல்லை. அகதிகளுக்கு அரிசியும் குளிர் கோட்டும் கொடுத்தால் மட்டும் போதாது, கலையும் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேரை அங்கே கூட்டிக்கொண்டு போக ஏற்பாடாயிற்று. குடிவரவு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியையும் சிஸ்டர் அழைத்திருந்தார். எங்கள் ஆட்கள் எவ்வளவு பண்பானவர்கள் என்று அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அகதி விசாரணை இன்னும் முடியவில்லை. விசாரிக்கிற இடத்து ஆளையும் விசாரிக்கப்படுகிறவர்களையும் ஒரே அறையில் விட்டுப் படம் காட்டுகிற யோசனை ஒரு தங்கமான மனுசிக்கு மட்டும்தான் வரும்.

வந்தவர்களில் மூன்று பேரைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சிற்றம்பலம் மாஸ்டர், யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். கழுத்துப்பட்டி இல்லாமல் வெளியே இறங்க மாட்டார். திலகம் அக்கா, மட்டக்களப்பு. சிரித்தால் கட்டடம் அதிரும். மூன்றாவது செல்வம், திருகோணமலை. முப்பது வயதைத் தாண்டியவர், என்னோடு புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றியவர். பகிடி விட்டு ஆளைச் சிரிக்கவைக்காமல் அவரால் மூச்சுவிட முடியாது. அந்தப் பகிடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

எங்களுக்குப் படம் காட்ட வந்தவர் மதாம் லூசியேன். நரைத்த தலைமுடி, பச்சைச் சால்வை, கையை வீசி வீசிப் பேசுவார். எங்களை ஒரு பெரிய படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். 'உட்கார்ந்திருக்கும் பெண்' என்று கீழே எழுதியிருந்தது. எழுதியிருந்தபடியால் தெரிந்தது. தோள்கள் இரண்டும் முக்கோணம். கைகள் தகரக் குழாய்த் துண்டுகள். மார்பும் வயிறும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த பலகைகள். முகத்தில் ஒரு கண் எங்களை நேராகப் பார்த்தது. மூக்கு மட்டும் பக்கவாட்டில் திரும்பி வேறு யாரையோ பார்த்தது. எல்லாம் சாம்பலும் புகையிலை நிறமும்.

மதாம் தொடங்கினார். ஓவியர் மனித உருவத்தை ஏராளமான 'பிளான்'களாகப் பிரித்துவிட்டார் என்றார். எனக்குத் தெரிந்த பிளான் ஒன்றுதான். ஆகவே கம்பீரமாகச் சொன்னேன்:

"ஓவியர் இந்தப் பெண்ணின் உருவத்தைப் பல திட்டங்களாகப் பிரித்திருக்கிறார்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"என்ன திட்டம், தம்பி? ஐந்தாண்டுத் திட்டமோ?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அடுத்ததாக 'வோலூம்' என்று ஒரு சொல் வந்தது. 'சத்தம்' என்று சொல்ல வாயெடுத்து, நல்ல வேளையாக விழுங்கிக்கொண்டேன். அந்த இடத்தில் நிறுத்தி மதாமிடம் சொன்னேன், "மன்னிக்க வேண்டும், இந்தச் சொல் இரண்டும் எனக்குத் தெரியாது. தெரிந்தது போலச் சொல்லிவிட்டேன். விளங்கப்படுத்துங்கள்." சிஸ்டருக்கு முகம் கறுத்தது. தெரியாது என்று சொல்கிற மொழிபெயர்ப்பாளனை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். தம்பிமாரே, தெரியாது என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். ஐந்தாண்டுத் திட்டத்தைத் திருத்த எவ்வளவு காலம் ஆகும் என்று நாங்கள் விட்டுவந்த நாட்டைப் பார்த்தால் தெரியும்.

மதாம் கோபிக்கவில்லை. கையில் இருந்த தாளை எடுத்து இரண்டு மூன்றாக மடித்து விரித்துக் காட்டினார். மடிப்புக்கு இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் நிழல். "கன்னம் உருண்டையாக இருக்கிறது. அதை உருண்டையாகத் தீட்டாமல் இப்படித் தட்டை தட்டையாக மடித்துவிட்டார். ஒவ்வொரு தட்டையும் ஒரு பிளான்."

"தளம்!" என்றார் மாஸ்டர். "தளம் எண்டு சொல்லு. திட்டமாம் திட்டம்."

தளம் என்றேன். அந்தச் சொல்லோடு மாஸ்டருக்குப் படத்தின்மேல் ஒரு உரிமை வந்துவிட்டது. இரண்டடி முன்னால் போனார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"தம்பி, அந்த மனுசியைக் கேள். இது ஆளோ, அலுமாரியோ?"

"அலுமாரி எண்டா கதவு நேரா இருக்கும், மாஸ்டர்," என்றார் செல்வம் பின்னாலிருந்து.

நான் மதாமிடம் திரும்பி, "இது ஆளா, அலுமாரியா?" என்று கேட்டேன். சிஸ்டர் என் கையைக் கிள்ளினார். காதருகில் வந்து, "கொஞ்சம் மரியாதையாக மாற்றிச் சொல்லக் கூடாதா? அவர் நிற்கிறாரே," என்று குடிவரவு அதிகாரியைக் கண்ணால் காட்டினார். அதிகாரி சாம்பல் நிறக் கோட்டோடு சுவரோரம் நின்றார். அந்தப் படத்துக்குள் தூக்கி வைத்தால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

"சிஸ்டர், அவர் மரியாதையாகக் கேட்டால் நானும் மரியாதையாகச் சொல்வேன்," என்றேன்.

மதாமின் கன்னம் சிவந்துவிட்டது. முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு மாஸ்டருக்கு நேரே வந்து நின்றார்.

"இத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறேன். வருகிறவர்கள் 'ஆகா, சுவாரசியம்' என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். அலுமாரியா என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அலுமாரி இல்லை என்று நான் காட்டுகிறேன்."

சொல்லிவிட்டு மாஸ்டரைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் நடந்தார். மாஸ்டர் கோயில் தூண் மாதிரி அசையாமல் நின்றார். திலகம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இப்போது இவருடைய மூக்கு நேரே எப்படி, பக்கத்திலிருந்து எப்படி, பின்கழுத்து எப்படி என்று எல்லாம் எனக்குத் தெரியும்," என்றார் மதாம். "இவரை வரையும்போது ஒரு பக்கத்தை மட்டும் வரைந்தால், தெரிந்ததில் பாதியை மறைத்தவள் ஆக மாட்டேனா? இந்த ஓவியர் மறைக்க விரும்பவில்லை. சுற்றி வந்து பார்த்ததை எல்லாம் ஒரே துணியில் வைத்தார். வைக்க இடம் வேண்டுமே, அதற்காக உடம்பைத் தளமாகவும் முக்கோணமாகவும் ஆக்கினார்."

மாஸ்டருக்குச் சண்டை சுவைக்கத் தொடங்கிவிட்டது.

"மனுசரைப் பாக்கக் கடவுள் ரெண்டு கண் தந்தவர். இவர் ஏன் கோணமானியால பாக்கிறார் எண்டு கேள்."

கேட்டேன். மதாம் உடனே திருப்பிக் கேட்டார்: "நீங்கள் கணித ஆசிரியர் என்று சிஸ்டர் சொன்னார். ஒரு நிலத்தை அளக்கப் போனால் அதைக் கரும்பலகையில் முக்கோணமாகத்தானே போடுவீர்கள்? நிலம் அப்படியா இருக்கிறது? புல்லையும் கல்லையும் யார் வரைகிறார்கள்?"

மாஸ்டர் படத்தையும் மதாமையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இருவருக்கும் நடுவில் வியர்த்துக்கொண்டு நின்றேன்.

"காணிக்கு அது சரி," என்றார் கடைசியில். "காணிக்கு மூக்கு இல்லை."

அதை நான் பிரெஞ்சில் சொன்னதும் மதாம் வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரிகூடச் சிரித்தார். அதுவரை அந்த அறையில் நாங்கள் அழைத்துவரப்பட்டவர்களாக நின்றோம். அதற்குப் பிறகு சண்டை பிடிக்கத் தகுதியான ஆட்களாக நின்றோம். நான் அந்தக் கேள்விகளைச் சீனி தடவிக் கொடுத்திருந்தால் மாஸ்டருக்கு இப்படி ஒரு எதிராளி கிடைத்திருக்க மாட்டார்.

அப்போதுதான் திலகம் அக்கா முன்னால் வந்தார்.

"மகன், கை எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியுது. ரெண்டு கையையும் கோத்து மடியில வச்சிருக்கா. அந்தா, முள்ளுக்கரண்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதுதான் விரல். இமிக்ரேசன்ல பேர் கூப்பிடுமட்டும் நாம குந்திக்கொண்டு இருப்பமே, அப்படித்தான் இருக்கா, பாவம்."

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். சொன்ன பிறகு கை தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு போனால் முழங்கை, முழங்கையிலிருந்து தோள், தோளுக்கு மேலே சலித்துப்போன ஒரு முகம். பலகையும் குழாயும் விலகி, பஸ்ஸைத் தவற விட்ட ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். திலகம் அக்கா சொன்னதை நான் அப்படியே சொன்னேன், இமிக்ரேசன் உட்பட. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கள் நாற்காலிகள் அவ்வளவு மோசமா?" என்றார். அதற்கும் சிரிப்பு.

சிரிப்பு வந்த இடத்தில் செல்வத்தால் சும்மா நிற்க முடியுமா? மாஸ்டரின் தோளில் தட்டி அவரிடம்தான் சொன்னார். ஆனால் சத்தமாகச் சொன்னார்.

"முகத்தைப் பாருங்கோ மாஸ்டர். முன்னும் பக்கமும் ஒரே படத்தில. ஜேர்மனியில பொலிஸ் என்னை ரெண்டு படமா எடுத்தவங்கள். இவன் ஒண்டிலயே முடிச்சிட்டான். பிலிம் மிச்சம்!"

திலகம் அக்கா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். மற்றவர்கள் தொடங்கவே இல்லை.

ஏன் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கனடாவுக்கு வருமுன் இன்னொரு நாட்டில் தங்கியிருந்தவர் என்று தெரிந்தால், அங்கேயே இருந்திருக்கலாமே, இங்கே ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். வழக்கு அந்த இடத்திலேயே நொண்டத் தொடங்கும். ஆகவே அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொழும்பில் ஏறினேன், மொன்றியலில் இறங்கினேன், இடையில் உலகமே இல்லை. செல்வத்தின் வாக்குமூலமும் அப்படித்தான் எழுதியிருந்தது. விசாரணைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன.

நாங்கள் தமிழில் எதைச் சொன்னாலும் அதிகாரிக்கு விளங்காது. ஆனால் ஜேர்மனி என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை. ஆங்கிலம் தெரிந்த எவனுக்கும் அது காதில் விழும். அவர் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"ஜேர்மனி என்று கேட்டதே. அவர் என்ன சொன்னார்?"

கேட்டது என்னிடம்.

ஒன்றுமில்லை, சும்மா பகிடி என்று சொல்லலாம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். மாஸ்டரின் கண் என்னை அப்படியே பிடித்து உலுக்கியது. ஆனால் அந்த நிமிடம் வரை ஒரு பொய்யும் சொல்லாத என் வாய் அந்த இடத்தில் பொய் சொன்னால், அன்றைக்குச் சொன்ன அலுமாரியும் காணியும் மூக்கும் எல்லாம் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு இந்த அதிகாரி எந்தத் தமிழனின் மொழிபெயர்ப்பை நம்புவார்? சரி, செல்வம் சொன்னதை அப்படியே போட்டு உடைக்கலாம். அது அவர் அதிகாரியிடம் சொன்னதல்ல. பக்கத்தில் நின்ற ஆளிடம் சொன்னது. அதை அள்ளிக்கொண்டுபோய்க் கொடுக்க நான் யார்? மூன்றாவது வழியாக மயங்கி விழலாம் என்றும் யோசித்தேன். தரை பளிங்கு.

அதிகாரியிடம் சொன்னேன்: "ஐயா, அவர் அதைத் தன் நண்பரிடம் சொன்னார். உங்கள் கேள்வியை அவரிடமே கேட்கிறேன். அவர் என்ன பதில் சொல்கிறாரோ அதை உங்களுக்குச் சொல்வேன்."

பிறகு செல்வத்திடம் திரும்பினேன். ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் சொன்னேன்.

"செல்வம், ஜேர்மனியைப் பற்றி என்ன சொன்னீர் எண்டு இவர் கேக்கிறார். நீர் இவருக்குச் சொல்லுறதைத்தான் நான் சொல்லுவன். சொல்லாததைச் சொல்ல மாட்டன். யோசிச்சுச் சொல்லும்."

இதைச் சொன்னேன் என்பதையும் அதிகாரியிடம் பிரெஞ்சில் சொன்னேன். ஒளித்து எதுவும் நடக்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"பகிடி எண்டு சொல்லு, பகிடி எண்டு சொல்லு," என்று மாஸ்டர் பல்லுக்குள் சொன்னார்.

செல்வம் படத்தைப் பார்த்தார். அவரை நான் அதற்கு முன் பேசாமல் பார்த்ததில்லை. பேசாத செல்வத்துக்கு வேறு முகம்.

"சொல்லு," என்றார் என்னிடம். "நான் ஜேர்மனியில இருந்தனான். நானும் என்ர தம்பியும். ரெண்டு பேரையும் ஒரே நாள் பொலிஸ் பிடிச்சு, முன்னுக்கும் பக்கத்துக்கும் படம் எடுத்தது. பேந்து அகதிக் காம்பில விட்டாங்கள். தம்பிக்கு நெஞ்சுச் சளி பிடிச்சது. அங்கயே செத்துப்போனான். அவனை அங்க தாட்டிப்போட்டுத்தான் நான் வந்தனான்."

செல்வத்துக்கு ஒரு தம்பி இருந்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பண்டகசாலையில் அவரோடு ஒரே பெட்டியின் இரண்டு முனைகளையும் தூக்கியவன் நான். எனக்கும் தெரியாது.

சொல்லத் தொடங்கினேன். நான் ஜேர்மனியில் இருந்தேன். நானும் என் தம்பியும். என் தம்பி அங்கே இறந்துபோனான். நான் அவனை அங்கே புதைத்துவிட்டு வந்தேன். பாரிசில் கற்ற பிரெஞ்சில் அதுவரை நான் சொல்லியிராத வாக்கியங்கள். என் குரல் நடுங்கிவிட்டது. நடுங்கக் கூடாது என்று உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

மதாம் லூசியேன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

"ஐயோ, என் அன்பரே. உங்கள் தம்பிக்காக மிகவும் வருந்துகிறேன்."

"இல்லை மதாம். தம்பி அவருடையவர். நான் குரல் மட்டும்தான்," என்றேன்.

அவர் என் கையை விடவில்லை. மற்றக் கையால் செல்வத்தின் கையைப் பிடித்தார். அப்படியே மூன்று பேரும் ஒரு வரிசையில், பள்ளிக்கூட விழாவில் ஆட நிற்கும் பிள்ளைகள் மாதிரி நின்றோம். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதிகாரி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். "அவருக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்கள்," என்றார். சொன்னேன். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பேனாவை எடுக்கவில்லை. அதுவும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் போய் எழுதினாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

கோட்டுகள் மாட்டியிருந்த இடத்தில் மாஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு கை கோட்டுக்குள், மற்றக் கை என் முகத்துக்கு நேரே.

"நீ என்ன பைப்போ? வந்த தண்ணியை அப்பிடியே திறந்து விடுறதுக்கு? பைப்பையும் பூட்டலாம், தெரியுமோ? அவன்ர வாழ்க்கையை முடிச்சுப்போட்டாய். காட்டிக் குடுத்திட்டாய்!"

"அவர் சொல்லச் சொன்னவர், மாஸ்டர்."

"அவன் விசரன். நீயும் விசரனோ?"

அந்த நாட்களில் காட்டிக்கொடுத்தவன் என்ற சொல் எங்கள் ஆட்களிடையே எவ்வளவு பாரமானது என்று உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள். நான் என் கோட்டை எடுத்து மாட்டினேன். வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

மெத்ரோ ரயிலில் செல்வம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சில நிலையங்கள் தாண்டின.

"ஏன் ஐசே சொன்னீர்?" என்று நான்தான் கேட்டேன். "பகிடி எண்டு விட்டிருக்கலாமே. அந்த அதிகாரியும் விட்டிருப்பார்."

"விட்டிருக்கலாம்." அவர் கழுத்தைத் தடவினார். "ஜேர்மனியை எடுத்துப்போட்டா தம்பியையும் எடுக்கோணும், ஐசே. ஏஜென்சிக் கதையில எனக்குத் தம்பியே இல்லை. ஒரு வரியில அம்மாவுக்கு ஒரே பிள்ளை ஆயிட்டன். அந்த மனுசி மாஸ்டரைச் சுத்தி நடக்கேக்க நினைச்சன், எனக்கு ஒரு பக்கத்தையே காட்டிக் காட்டிக் கழுத்துப் பிடிச்சுப் போச்சு."

பிறகு, "சட்டத்தரணி என்னைக் கொல்லப்போறான்," என்றார். அதில் பழைய செல்வம் கொஞ்சம் திரும்பி வந்திருந்தார்.

சட்டத்தரணி கொல்லவில்லை. ஆனால் கட்டடம் கேட்கக் கத்தினார். தேவாலயத்துச் சாமான்கள் ஒன்று மிச்சமில்லாமல் வந்தன. அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன், அதிகம் குறைக்காமல். வாக்குமூலத்தை முதலிலிருந்து மாற்றி எழுதினார்கள். விசாரணை தள்ளிப் போயிற்று. மறுபடியும் தள்ளிப் போயிற்று. விசாரணையில் மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். அந்தக் கதையில் நானும் ஒரு ஆளாகிவிட்டேன், இனிக் குரலாக மட்டும் நிற்க முடியாது என்று சொன்னேன். செல்வம் அதற்கு என்னோடு கோபித்தார், பிறகு விளங்கிக்கொண்டார்.

நீண்ட காலம் காத்திருந்து, ஒருமுறை மறுக்கப்பட்டு, மேன்முறையீடு செய்து, கடைசியில்தான் அவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. அந்தக் காலம் முழுவதும் அவருடைய மனைவி திருகோணமலையில் இருந்தார். அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பொய்யைச் சொல்லியிருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்குமா, கிடைக்காமலே போயிருக்குமா? எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். மனைவி வந்த பிறகு புரோசார்ட்டில் வீடு எடுத்தார்கள். மகன் பிறந்தபோது தம்பியின் பெயரை வைத்தார்கள்.

என் பாடு வேறு. அருங்காட்சியகத்துக்குப் போய் ஆளைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சிஸ்டரின் நிலையத்துக்கு வருகிறவர்கள், அவன் என்றால் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்கள். கடையில் சாமான் வாங்கப் போனால் கதை நின்றுவிடும். செல்வம் போகிற இடமெல்லாம் நடந்ததைச் சொல்லிப் பார்த்தார், ஒருவரும் கேட்கவில்லை. திலகம் அக்கா மட்டும் ஒரு நாள் டப்பாவில் மீன்குழம்பு கொண்டுவந்து தந்தார். "சாப்பிடு மகன். வாய் இருந்தாத்தானே வேலை செய்யலாம்." நான் பெட்டி ஏற்றுகிற வேலைக்கே முழுநேரமாகத் திரும்பிப் போனேன். பெட்டிகள் ஒன்றும் பேசுவதில்லை. அது கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது, பிறகு பொறுக்க முடியவில்லை.

பனி உருகின பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கதவு தட்டப்பட்டது. சிற்றம்பலம் மாஸ்டர். கழுத்துப்பட்டி, கையில் குடை. கோட்டு அறையில் கத்தியதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

"எனக்கும் விசாரணை வருது," என்றார். "நாளைக்குச் சட்டத்தரணியிட்டப் போகோணும். சிஸ்டர் ஒரு பெடியனைத் தாறன் எண்டா. நல்ல பெடியன், நல்ல பிரெஞ்சாம். நான் சொல்லுறதை வடிவாக்கிச் சொல்லுவானாம். எனக்கு வடிவு வேண்டாம்."

நான் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

"நான் சொல்லுறதை நீ அப்பிடியே சொல்லுவியோ?"

"ஓம், மாஸ்டர்."

"நான் பிழையாச் சொன்னாலும்?"

"பிழையையும் சரியாச் சொல்லுவன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

"அப்ப எழுதிக்கொள், தம்பி," என்றார். "நானும் ஜேர்மனியாலதான் வந்தனான்."